எடைக்கு வந்த இசைத்தட்டுகள்

பழைய இசைத்தட்டு வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நடு ஓட்டையை. பாட்டு, பாடியவர் பெயர், அட்டைப்படம் எல்லாம் அப்புறம். லேபிளில் அந்த ஓட்டையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடுகள் கிடக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளேயரின் நடுக்கம்பியில் தட்டைப் பொருத்தும்போது குறி தவறினால் கம்பி முனை காகிதத்தில் உரசும். அந்த உரசல்தான் கோடு. கோடு இல்லையென்றால் தட்டு அதிகம் ஓடவில்லை, அல்லது ஓட்டியவர் கை நிதானமான கை.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் புளியறையில் மைக்செட் வைத்திருந்த அண்ணாச்சி. "ஓட்டையச் சுத்திக் கோடு பின்னிக் கெடந்தா, ஒண்ணு இருட்டுல போட்ட பிளேட்டா இருக்கும், இல்ல தண்ணியப் போட்டுட்டுப் போட்ட பிளேட்டா இருக்கும். ரெண்டையும் தொடாதல" என்பார். பள்ளிக்கூடம் போகிற வயதில் கேட்டது. பின்னாளில் சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலும் கல்கத்தாவின் ப்ரீ ஸ்கூல் தெருவிலும் பழைய தட்டுக் கட்டுகளின் முன்னால் உட்கார்ந்தபோதெல்லாம் என் கட்டைவிரல் முதலில் ஓட்டைக்குத்தான் போனது.

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் புளியறை. ஊரைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறினால் கோட்டைவாசல், அந்தப் பக்கம் ஆரியங்காவு. வெளியூர்க்காரர்களுக்கு இங்கே தட்சிணாமூர்த்தி கோயிலைத் தெரியும், செக்போஸ்டில் நிற்கும் லாரி வரிசையைத் தெரியும். செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1-ம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர்ச் சீமை. அண்ணாச்சியின் தகரப் பெட்டிகளில் தமிழ்த் தட்டுகளுக்கு நடுவே மலையாளத் தட்டுகளும் உரிமையோடு இருந்தன. 'செம்மீன்' தட்டு அவரிடம் தேய்ந்து சாம்பல் நிறமாகியிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கல்யாணத்துக்கு மைக்செட் கட்டப் போகும்போது அதை எடுக்காமல் அவர் வண்டி ஏற மாட்டார்.

கோயில் கொடை என்றால் முதல் நாள் சாயங்காலமே தென்னை மரத்தில் கூம்புக் குழாய் ஏறிவிடும். ஒன்று ஊரைப் பார்த்து, ஒன்று வயலைப் பார்த்து. கீழே பெஞ்சில் அகுஜா ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் ரெக்கார்டு பிளேயர். சாலையில் பாரம் ஏற்றிய லாரி போனால் பெஞ்சு அதிரும், ஊசி துள்ளிவிடும். அதற்காக அண்ணாச்சி பிளேயருக்கு அடியில் பாதி நிரப்பிய மணல் சாக்கைப் பரப்பி வைத்திருப்பார். ஊசித் தலையின்மேல் ஒரு நாலணாக் காசை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பார். ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு அந்தக் காசுகூடப் போதாது, இன்னொன்று சேர்ப்பார். காசின் பாரத்தில் தட்டின் வரிகள் சீக்கிரம் தேயும் என்று அவருக்குத் தெரியும். கொடையன்று பாட்டு நின்றுவிடக் கூடாது என்பதுதான் அவருக்கு முக்கியம்.

வரிசை மாறாது. முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு. பிறகு எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஊர் கண்ணயரும் நேரத்தில் 'திருவிளையாடல்' கதை வசனம். நாகேஷும் சிவாஜியும் பேசுவது வயல் தாண்டி பகவதிபுரம் ரயில் நிலையம் வரைக்கும் கேட்கும். படமே பார்க்காதவர்களுக்கும் அந்த வசனம் மனப்பாடம். அவரிடம் பிளேயர் ஒன்றுதான். ஒரு தட்டு முடிந்து அடுத்ததை வைக்கும் இடைவெளியில் மைக்கைப் பிடித்து, கொடைக்கு நன்கொடை தந்தவர் பேரை வாசிப்பார். பேர் வாசிக்க ஆள் இல்லாவிட்டால் "சற்று நேரத்தில்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஊசியை இறக்குவார்.

ராத்திரி ரெக்கார்டு டான்ஸ். ரெக்கார்டு போட்டு ஆடுவதால் அந்தப் பெயர். அதற்கென்று தனியாக ஒரு பெட்டி உண்டு. அதில் போனி எம் இருந்தது. என் காதில் விழுந்த முதல் இங்கிலீஷ் பாட்டு அதுதான். ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் அந்த டிரம் அடி மட்டும் தென்னை மரத்திலிருந்து இறங்கி என் வயிற்றுக்குள் போனது. மேற்கத்திய இசைமேல் எனக்கு வந்த பிரியத்துக்குக் கான்வென்ட் படிப்போ நகர வாசமோ காரணமில்லை. புளியறைக் கொடையில், இரண்டு நாலணாக் காசின் பாரத்தில் தேய்ந்துகொண்டிருந்த ஒரு தட்டுதான் காரணம்.

கேசட் வந்ததும் எல்லாம் மாறியது. எண்பதுகளின் நடுவில் அண்ணாச்சி ஒரு டெக் வாங்கினார். லாரி போனாலும் துள்ளாது, காற்றடித்தாலும் நிற்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தியாவில் புதுத் தட்டு வருவதே ஏறத்தாழ நின்றுபோனது. பெட்டிகள் அவர் வீட்டு மச்சுக்குப் போயின. பிறகு, தேவைக்கு ஏற்ப, பழைய இரும்புக் கடைக்குப் போயின. அட்டைகளைத் தனியாகப் பிரித்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். தட்டுக்கும் ஒரு எடை விலை இருந்தது. கேள்விப்பட்டு நான் போனபோது மிச்சமிருந்த பெட்டிகளை அவரே எனக்குத் தந்தார். இரும்புக் கடைக்காரர் தருவதாகச் சொன்ன விலைக்குமேல் ஒரு பைசா வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால், தட்டுகளில் பெயர் இல்லை. லேபிள்மேல் எனாமல் பெயின்டில் எண் எழுதியிருந்தது. படத்தின் பெயர், இசையமைத்தவர் பெயர் எல்லாம் பெயின்டுக்கு அடியில். செங்கோட்டையிலும் வடகரையிலும் இருந்த மற்ற மைக்செட்காரர்கள் எட்டிப் பார்த்து, இன்ன பாட்டுக்குத்தான் கூட்டம் ஆடுகிறது என்று தெரிந்துகொண்டு அதே தட்டை வாங்கிவிடக் கூடாது என்பதற்காக அண்ணாச்சி செய்த ஏற்பாடு அது. எண்ணுக்குப் பெயர் சொல்லும் நோட்டு மடியிலேயே இருந்ததாம். அது எப்போதோ தொலைந்திருந்தது.

அப்போதுதான் தட்டின் கடைசி வளையத்தைப் படிக்கப் பழகினேன். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் விரலகலத்துக்கு ஒரு வெறும் பகுதி இருக்கும். அதில் கம்பெனி தன் எண்ணைப் பொறித்திருக்கும். ஒவ்வொரு அச்சுக்கும் ஒவ்வொரு எண். பெயின்ட் அங்கே எட்டாது. லென்ஸ் வைத்து அந்த எண்ணை எழுதிக்கொண்டு, கம்பெனி போட்ட பழைய பட்டியல்களோடு ஒத்துப் பார்த்தால் படம் தெரிந்துவிடும். 'அன்னக்கிளி'யை அப்படித்தான் கண்டுபிடித்தேன். 1976-ல் வந்த படம். புளியறையில் அது எத்தனை ராத்திரி ஓடியிருக்கும் என்பதை அதன் வரிகளின் நரைத்த நிறம் சொன்னது.

இந்தத் தட்டுகளின் வகைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீள்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 1948-ல் கொண்டுவந்தது. அடுத்த வருடமே ஆர்.சி.ஏ. 45 சுற்றுச் சின்னத் தட்டைக் கொண்டுவந்தது. நம் ஊர்ச் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் அந்த 45-ல்தான் வந்தன. இவை வினைல். அதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது. அந்த அரக்கில் பெரும்பகுதி சோட்டா நாக்பூர்க் காடுகளில் மரத்திலிருந்து சுரண்டி எடுத்தது. உலகம் முழுக்க அரை நூற்றாண்டு பாட்டுக் கேட்டது நம் நாட்டு அரக்கில். வெளிநாடுகளில் அரக்குத் தட்டு ஒழிந்த பிறகும் கல்கத்தா டம் டம் தொழிற்சாலை அதை விடவில்லை. இங்கே கிராமங்களில் மின்சாரம் இல்லை, சாவி கொடுக்கும் கிராமபோன்தான் இருந்தது. அதனால் அறுபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் பீட்டில்ஸ் பாட்டுகளையே 78-ல் அச்சடித்தார்கள். ப்ரீ ஸ்கூல் தெருக் கடையில் அப்படி ஒரு தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கடைக்காரர் சொன்ன விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அதன் கனத்தை மட்டும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தேன். லிவர்பூல் பையன்களின் குரல் ஜார்க்கண்ட் அரக்கில் இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

ராக் இசை என்று சொல்லத்தக்க தட்டு எங்கள் பகுதியில் எனக்குக் கிடைத்தது செங்கோட்டையில், ஒரு பழைய இரும்புக் கடையில். மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது வந்த சாமான்கள். உடைந்த மண்ணெண்ணெய் பிரிட்ஜ், பிரம்பு நாற்காலி, அதன் மேலே ஒரு தட்டுக் கட்டு. மேலே இருந்த அட்டையில் எழுத்தே இல்லை. பாடினவர் பெயரும் கிடையாது, பாட்டின் பெயரும் கிடையாது. உரிந்த காகிதம் ஒட்டிய சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. படத்தில் ஒரு கிழவர், முதுகு வளைந்து, பெரிய விறகுக்கட்டைச் சுமந்துகொண்டு கோல் ஊன்றி நிற்கிறார். கண்ணுப்புளிமெட்டுப் பக்கம் காட்டிலிருந்து விறகு இறக்கி வருகிறவர்களைத் தினமும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த முதுகை எனக்குத் தெரியும். ஓட்டையைப் பார்த்தேன், கோடு இல்லை. வாங்கிவிட்டேன்.

அது லெட் செப்பெலின் குழுவின் நான்காவது நீள்தட்டு, 1971 நவம்பரில் வந்தது. பெயர் போடாமல் வெளியிட்டது அவர்களே வேண்டுமென்று செய்தது. இசையை மட்டும் வைத்து மதிக்கட்டும் என்று. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஜான் பான்ஹம் டிரம்ஸ் அடிக்கிறார். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில், கீழே டிரம்ஸை வைத்து, மேல் மாடியிலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அதனால் அடி விழுகிற சத்தமும் அந்தக் கூடம் முழுக்க அது ஏறி நிரம்புகிற சத்தமும் சேர்ந்தே கேட்கும். பாட்டின் மூலம் இன்னும் பழையது. 1927-ல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்து ஊர்களை மூழ்கடித்தது. அந்தத் துயரத்தை 1929-ல் மெம்ஃபிஸ் மினி, கான்சாஸ் ஜோ மெக்காய் என்ற கறுப்பினத் தம்பதி பாடித் தட்டில் பதித்தார்கள். லெட் செப்பெலின் எடுத்துப் பாடியது அதைத்தான்.

இந்த விவரமெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. முதல் தடவை கேட்டது ஐப்பசி மழையில், வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில். வெளியே வயலெல்லாம் தண்ணீர். குளக்கரை தாங்குமா என்று ஊரில் ஆள் மாற்றி ஆள் பார்த்துவிட்டு வருகிறார்கள். உள்ளே அந்த டிரம் அடி. பாட்டு கரை உடைவதைப் பற்றியது என்று தெரியாமலேயே எனக்கு நெஞ்சை அடைத்தது. சங்கீதத்துக்கு மொழி கிடையாது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. மொழி உண்டு, ஊர் உண்டு, சாதி உண்டு, இனம் உண்டு. மிசிசிப்பிக் கரையில் வயல் பார்த்த கறுப்பின மக்களின் பயமும் புளியறைக் குளக்கரையில் நின்றவர்களின் பயமும் ஒரே வேலையிலிருந்து வந்தவை. அதனால்தான் அந்த அடி எங்கள் வீட்டில் அப்படி விழுந்தது.

ஹிப் ஹாப் எனக்கு வந்த வழி இதைவிட நெடியது. செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ் ரயில் 2010-ல் நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பு அந்த ரயிலில்தான் புனலூர் போனேன். அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்த்த ஒருவரின் பூட்டிக் கிடந்த வீட்டைச் சொந்தக்காரர்கள் காலி செய்வதாக ஒரு நண்பர் சொல்லியிருந்தார். அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை 1965-ல் தளர்த்திய பிறகு கேரளத்து நர்சுகள் நிறையப் பேர் நியூயார்க் ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். இந்த அம்மா இருந்தது பிராங்ஸ் பகுதியில். ஊருக்கு ஒரு முறை சாமான் அனுப்பியபோது மகனின் பெட்டி ஒன்றும் சேர்ந்து வந்துவிட்டது. அது திறக்கப்படவே இல்லை. "அதொக்கெ எடுத்தோளூ" என்றார் வீட்டிலிருந்த சேச்சி. பணம் கொடுத்துத்தான் எடுத்தேன்.

பெட்டியில் ரன் டி.எம்.சி. குழுவின் 1986-ம் வருட 'ரெய்சிங் ஹெல்' இருந்தது. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் 1982-ம் வருட 'தி மெசேஜ்' இருந்தது. ஏரோஸ்மித் என்ற ராக் குழுவின் 1975-ம் வருட 'டாய்ஸ் இன் தி ஆட்டிக்' இரண்டு பிரதி இருந்தது. ஒரே தட்டை எதற்கு இரண்டு வாங்குவான் ஒரு பையன்? இரண்டின் லேபிளையும் வெளிச்சத்தில் சாய்த்தேன். ஓட்டையைச் சுற்றிக் கோடுகள் பின்னிக் கிடந்தன. அண்ணாச்சி கணக்குப்படி தொடக் கூடாத தட்டு. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு லேபிள்களிலும் ஓட்டையிலிருந்து ஓரம் வரைக்கும் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் நேராக ஒரு கோடு போட்டிருந்தது, கடிகார முள்ளைக் குறித்தது மாதிரி.

ஹிப் ஹாப் பிறந்த கதை அந்த மஞ்சள் கோட்டில் இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520-ம் எண் குடியிருப்பின் பொது அறையில், தங்கை நடத்திய விருந்துக்குப் பாட்டுப் போட்டார் கூல் ஹெர்க் என்ற இளைஞர். ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து வந்த குடும்பம். அங்கே தெருவில் பெரிய ஸ்பீக்கர் கட்டித் தட்டுப் போடுகிற வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர். பாட்டின் நடுவில் பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் உயிரைக் கொடுத்து ஆடுகிறது என்று கவனித்தார். ஒரே தட்டில் இரண்டு வாங்கி, இரண்டு பிளேயரில் வைத்து, ஒன்றில் அந்தத் தாளம் முடியும்போது மற்றதில் அதே தாளத்தைத் தொடங்கினார். சில நொடித் தாளம் நிமிடக் கணக்கில் நீண்டது. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அதைத் துல்லியமாக்கினார். தாளம் தொடங்கும் இடத்தைத் தட்டில் கிரேயானால் குறித்து வைத்து, எத்தனை சுற்று பின்னால் திருப்ப வேண்டும் என்று எண்ணித் திருப்பினார். புனலூர்ப் பெட்டியின் பையன் வீட்டில் உட்கார்ந்து அதைத்தான் பழகியிருக்கிறான். அவன் தட்டில் இருந்த கோடுகள் இருட்டின் கோடுகளோ குடியின் கோடுகளோ இல்லை. ஒரு பாட்டின் தொடக்கத்துக்குத் திரும்பத் திரும்ப வந்த ஒரு கையின் கோடுகள்.

ஏரோஸ்மித் தட்டு ஏன் என்பதற்கும் விடை அதே பெட்டியில் இருந்தது. 'வாக் திஸ் வே' என்ற அவர்கள் பாட்டின் தொடக்க டிரம் அடியை மட்டும் பிராங்ஸிலும் குவீன்ஸிலும் பையன்கள் பல வருடங்களாகச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். மேற்கொண்டு பாட்டு எப்படிப் போகும் என்று பலருக்குத் தெரியாது, கேட்டதும் கிடையாது. 1986-ல் தயாரிப்பாளர் ரிக் ரூபின் ஏரோஸ்மித்தின் பாடகரையும் கிதார்காரரையும் ரன் டி.எம்.சி.யோடு ஒரே ஸ்டுடியோவில் சேர்த்து அந்தப் பாட்டைப் புதிதாகச் செய்தார். அமெரிக்கப் பாட்டு வரிசையில் நான்காம் இடம் வரை போனது. அதே 1986-ல் பீஸ்டி பாய்ஸ் குழு தங்கள் நீள்தட்டைத் தொடங்கியது எதை வைத்து என்றால், மாடிப்படிக் கூடத்தில் பான்ஹம் அடித்த அந்த டிரம்ஸை வைத்து. செங்கோட்டை இரும்புக் கடையில் எனக்கு வந்த விறகுக் கிழவரும் புனலூரில் வந்த பெட்டியும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று அன்று ராத்திரி தெரிந்தது.

பழைய தட்டு வாங்குகிறவர்களை ஏக்கம் பிடித்தவர்கள் என்று பேசுகிறார்கள். ஹிப் ஹாப்பின் வரலாறே அதற்குப் பதில். புது வாத்தியம் வாங்க வசதி இல்லாத பிள்ளைகள் வீட்டிலிருந்த தட்டையும் யாரோ கழித்துப்போட்ட தட்டையும் எடுத்து ஒரு புது இசையைச் செய்தார்கள். அவர்களுக்குத் தட்டுதான் வாத்தியம்.

பெட்டியைக் கொண்டுவந்த பிறகு அண்ணாச்சியை வீட்டுக்கு அழைத்தேன். வயதாகியிருந்தது, காது மந்தம். ஸ்பீக்கர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். 'வாக் திஸ் வே' முடிந்ததும் இரண்டு மஞ்சள் கோட்டுத் தட்டுகளையும் அவர் கையில் கொடுத்தேன். விளிம்பிலும் லேபிளிலும் மட்டும் விரல் படுகிற மாதிரி, பழைய பழக்கத்தில் அப்படியே வாங்கினார். இரண்டு பிளேயர் வைத்து அவர்கள் செய்ததைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நமக்கு ரெண்டாவது பிளேயர் வாங்கத் தோதில்லாமப் போச்சுடே. இருந்திருந்தா 'சற்று நேரத்தில்'னு சொல்ல வேண்டியிருந்திருக்காது" என்றார். கூல் ஹெர்க் மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று தட்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்துவிடுவாராம், அப்பா சொல்லித் தந்த உபாயமாம் என்றதும், அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "அவனும் நம்மாளுதான்" என்றார்.

அந்த உறவு இப்போது நேராகவே நடக்கிறது. பிளாக் ஐட் பீஸ் குழு 2003-ல் வெளியிட்ட 'எலிஃபங்க்' தொகுப்பில் 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்துக்காக இளையராஜா செய்த பாட்டின் துணுக்கு இருக்கிறது. ஈழத்துத் தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ. 2007-ல் தன் 'கலா' தொகுப்பைத் தொடங்கும் பாட்டில் 'தளபதி' படப் பாட்டு ஒலிக்கிறது. அதே வருடம் மேட்லிப் என்ற கலிஃபோர்னிய ஹிப் ஹாப் கலைஞர் இந்தியத் தட்டுகளை வைத்தே ஒரு முழுத் தொகுப்பு போட்டார். இவர்களெல்லாம் தேடியது நாம் எடைக்குப் போட்ட தட்டுகளைத்தான். எண்பதுகளில் இளையராஜா பாட்டு வந்த எக்கோ கம்பெனித் தட்டுகளுக்கு இன்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். வாங்குகிறவர்களில் பலர் வெளிநாட்டவர். அவர்கள் வாங்குவதில் எனக்கு வருத்தமில்லை, நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். நம்மிடம் ஒரு பிரதியும் மிஞ்சாமல் போவதுதான் என்னைத் தூங்கவிடாத கவலை.

அமெரிக்காவில் 2022-ல் வினைல் தட்டுகள் சி.டி.யைவிட அதிக எண்ணிக்கையில் விற்றன. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. இங்கேயும் பெருநகரங்களில் கண்ணாடிக் கடைகளில் பளபளவென்று மறுபதிப்புகள் வருகின்றன. வரட்டும். அதே சமயம் சில சாப்பாட்டுக் கடைகளில் பழைய தட்டுகளைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள், நடுவில் முள் வைத்துக் கடிகாரமாக்குகிறார்கள். ஒருமுறை அப்படிச் சுவரில் இருந்த தட்டை நெருங்கிப் பார்த்தேன், டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டுகள். ஆணி வரிகளைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. பாடுகிற நிலையில் இருக்கும் தட்டில் ஆணி அடிப்பது அக்கிரமம். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுபதிப்பில் ஒலி சுத்தமாக இருக்கும். அண்ணாச்சியின் 'அன்னக்கிளி'யில் ஜானகியின் குரலுக்குப் பின்னால் ஒரு சரசரப்பு ஓடுகிறது. அது நாலணாக் காசின் பாரம், வயல் காற்றின் தூசி, கொடைக்கு வந்த கூட்டத்துக்காக அந்தத் தட்டு உழைத்த உழைப்பு. எந்த ஸ்டுடியோவும் அதைத் திருப்பிச் செய்துதர முடியாது. பழைய தட்டைக் காசு கொடுத்து வாங்கத் தகுதியாக்குவது அந்தச் சரசரப்புதான் என்பது என் தீர்மானம்.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சுரண்டைப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் நடத்திய வீடுகள் இன்னும் இருக்கின்றன. மச்சில் தகரப் பெட்டி கிடக்கலாம். தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், கனத்தில் வளைந்துவிடும், நிற்க வையுங்கள். ஓட்டுக் கூரையின் அனல் படுகிற இடத்திலிருந்து இறக்கிவிடுங்கள். சாரல் காலத்தில் பூசணம் பிடித்திருந்தால், பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, மெத்தென்ற துணியால் வரி ஓடுகிற திசையிலேயே துடைத்து, லேபிள் நனையாமல், நிழலில் உலர்த்துங்கள். கனமான பழைய 78 தட்டாக இருந்தால் மட்டும் ஸ்பிரிட் கிட்டக்கூடக் கொண்டுபோகாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். வேண்டாம் என்று தோன்றினால் பாட்டுக் கேட்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள். எண் எழுதிய நோட்டு ஏதாவது கூடக் கிடந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.